பாதிக் கிணறு

மயிலாப்பூர், கிழக்குப் பாதி
6-8-1934

மன்னிக்குக் கோமளம் நமஸ்காரம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் காகிதம் எழுதும் நிலைமை வந்துவிட்டது. இவரும் பெரியவரும் கூடப்பிறந்தவர்கள் என்பதை மறந்து வீட்டை இரண்டாக்கி, கூடத்து நடுவே சுவர் எழுப்பி, அதைக் கிணற்றுக்கு மேலேயும் கொண்டுபோய் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பி பேசாமல் இருக்கட்டும். நாமும் பேசக்கூடாது என்று உத்தரவு. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற பச்சையம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். கார்ப்பரேஷன் மலேரியா இன்ஸ்பெக்டர் துரைராஜ் நேற்று வந்தார். நீளக் கயிற்றில் கட்டின பாத்திரத்தைக் கிணற்றில் விட்டு, ஜலம் மொண்டு, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். மயிர்த்துண்டு மாதிரி புழுக்கள் மேலாகப் படுத்துக்கொண்டு நெளிந்தன. அத்தனையும் கொசுவாகப் போகிறவை. அந்தக் கொசு ஜுரக்காரனைக் கடித்து, அவன் ரத்தத்திலுள்ள கிருமியை எடுத்துக்கொண்டு, அடுத்தபடியாக நம்மைக் கடிக்கும்போது நம் ரத்தத்தில் விட்டுவிடுமாம். கிருமி ரத்த அணுவுக்குள் புகுந்து, அதையே தின்று பெருகி, வெடித்து வெளியே வருகிறபோதுதான் குளிரும் நடுக்கமும். நம் தெருவில் எத்தனை பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கிணற்றைச் சிமெண்டுப் பலகையால் மூடி, கைப்பம்பு வைக்கச் சொல்கிறார். மாம்பலத்தில் என் அண்ணா புதிதாகக் கட்டின வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. என் பாதியை மட்டும் மூடிப் பிரயோஜனமில்லை. கொசு உங்கள் பாதி வழியாக இறங்கும். நீங்களும் சம்மதிக்க வேண்டும்.

நம் பெண் தர்மு தலைப்பிரசவத்துக்குக் கார்த்திகையில் வருகிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்த ஜுரம் வந்தால் அவளுக்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்கிறாள். உடனே பதில் வேண்டும்.

கோமளம்


மேற்குப் பாதி
7-8-1934

கோமளாவுக்கு ஆசீர்வாதம்.

பச்சையம்மா உன் காகிதத்தை ஈரப்புடவையில் இடுப்போடு செருகிக்கொண்டு வந்ததால் பாதி எழுத்து கரைந்துபோயிற்று. மீதியைப் படித்ததே போதும்.

கைப்பம்புக்குள் என்ன இருக்கிறது என்று உன் அண்ணாவைக் கேட்டாயா? மாட்டுத்தோல். வட்டமாக வெட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொட்டும் அதில் பட்டுத்தான் மேலே வரவேண்டும். அந்த ஜலத்தில் சுவாமிக்கு நைவேத்தியம் பண்ணுவதா, மாமனார் சிராத்தத்துக்குச் சமைப்பதா? செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற வீட்டில், செருப்பைக் கிணற்றுக்குள் இறக்கச் சொல்கிறாய்.

கொசு என்ன நேற்றா பிறந்தது? வலை கட்டிக்கொள். வேப்பிலைப் புகை போடு. தர்முவைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது யார் மடியில் கிடந்தாள் என்று கேட்டுப் பார்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் கிணற்றடியில் நின்று, “சில பேருக்கு ஊரே செத்தாலும் மடிதான் பெரிசு” என்று உன் ஆத்துக்காரரிடம் சொன்னாய். சாமிநாதன் செவிடில்லை. அத்தனை சத்தம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

அபயம்


கிழக்குப் பாதி
27-8-1934

மன்னிக்கு நமஸ்காரம்.

பம்பு வேண்டாம், சரி. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். “அப்படின்னா மீன் விடுங்கம்மா” என்றார். விரல்நகம் அளவு மீன். கொசுப்புழுவைத் தின்பதுதான் அதற்கு வேலை. ஒரு சட்டியில் கொண்டுவந்து நேற்று என் பாதியில் விட்டார்.

எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. கோயில் குளத்தில் மீன் இல்லையா, அதில் நாம் ஸ்நானம் பண்ணவில்லையா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நம் சுவர் ஜலத்துக்கு மேலேயே நின்றுவிடுகிறது. மீனுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை யாரும் படித்துக்காட்டவில்லை. உங்கள் பக்கம் வந்தால் தயவுசெய்து கண்டுகொள்ளாமல் இருங்கள்.

கோமளம்


மேற்குப் பாதி
9-9-1934

கோமளாவுக்கு.

இன்று அமாவாசை. தர்ப்பணத்துக்கு முன்னால் ஸ்நானம் பண்ண இவர் கிணற்றடியில் உட்கார்ந்து வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். முதுகில் என்னவோ துள்ளுகிறது என்று ஒரே கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் பூணூலில் சிக்கிக்கொண்டு ஒரு மீன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன். அது வேறு விஷயம். மறுபடி ஸ்நானம் பண்ண வேண்டுமே, எந்த ஜலத்தில்? ஈரவேட்டியோடு தெருவே பார்க்க எதிர்வீட்டுக் கிணற்றுக்கு ஓடினார்.

பழைய வேட்டியை வலையாகக் கட்டி, பச்சையம்மாவைக் கொண்டு உன் மீன் அத்தனையையும் வாரச் சொல்லிவிட்டேன். நொச்சிக்குப்பத்துக்காரிக்கு மீனைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்காதா? “இன்னாம்மா இது, கொயம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இத்தினிக்கூண்டு கீது. இத்தப் போயி தொரத்திக்கினு கீறீங்களே” என்று சொல்லிக்கொண்டே வாரினாள். கொல்லவில்லை, குளத்தில் கொண்டுபோய் விட்டாள்.

திருட்டுத்தனமாகச் செய்தேன் என்று நினைக்காதே. செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் அடுத்தபடி முதலை கொண்டுவந்தால் அதையும் நான் வாரித்தான் ஆகவேண்டும்.

அபயம்


கிழக்குப் பாதி
12-9-1934

மன்னிக்கு.

இரண்டு நாள் கோபம் அடங்கட்டும் என்று எழுதாமல் இருந்தேன். அடங்கவில்லை.

பம்பு பொருத்துகிற பீர் முஹம்மதைக் கூப்பிட்டுக் கேட்டேன். தோலுக்குப் பதில் ரப்பர் வைத்தால் என்ன என்றேன். “வெக்கலாம்மா. ரெண்டு மாசத்துல உப்பிக்கினு அங்கியே ஒக்காந்துடும். அப்பால தண்ணி ஏறாது, நீங்க என்னியத் திட்டுவீங்க” என்றார். இதற்கு மேல் உங்கள் மடிக்கு நான் எந்தக் கடையில் போய் என்ன வாங்குவது?

நேற்று நாலாவது வீட்டுப் பெண்ணுக்கு ஆறாம் மாசத்தில் கலைந்துவிட்டது. இதே ஜுரம். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுததை நீங்களும் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டும் வாளியைத்தான் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். தர்முவை மடியில் போட்டுக்கொண்டேன் என்று எழுதத் தெரிகிறது. அவள் வயிற்றில் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று தோன்றவில்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவளுக்குத்தான் வயிறு கலங்கும். பெறாதவளுக்கு எப்படித் தெரியும்?

கோமளம்


மேற்குப் பாதி
13-9-1934

கோமளாவுக்கு.

உன் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பச்சையம்மா பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாததற்குப் பகவானுக்கு நமஸ்காரம்.

கிணற்றை மூடிவிடு. என் பாதியையும் சேர்த்துத்தான். என் பக்கமும் ஒரு பம்பு வைக்கச் சொல்லு. தோலே இருக்கட்டும். நல்ல நாள் பார்க்க வேண்டாம். பார்த்தால் மனசு மாறிவிடுவேன்.

இவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ கடைசியில் எழுதின இரண்டு வரிக்குப் பதில் எழுத மாட்டேன்.

அபயம்


கிழக்குப் பாதி
21-11-1934

மன்னிக்கு நமஸ்காரம்.

தர்மு சுகமாக வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருக்கிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. வந்ததும் வராததுமாகப் “பெரியம்மாவைப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினாள். இவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அப்பாவும் பெண்ணும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. சுவர் எழுப்பத் தெரிந்த ஜாதி.

நீங்கள் அனுப்பின மிளகுக்குழம்பு வந்தது. தர்மு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குக் கோபத்தில் எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பம்பு வைத்ததற்கு உங்களுக்கு நான் எத்தனை நமஸ்காரம் பண்ணினாலும் தகும். விடிகாலையில் அது போடுகிற கூச்சலில்தான் தர்மு விழித்துக்கொள்கிறாள். பீர் முஹம்மதிடம் சொல்லிக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

மழை விடுவதாக இல்லை. துணி காயவில்லை.

கோமளம்


கிழக்குப் பாதி
16-12-1934

மன்னிக்கு.

தர்முவுக்கு ஜுரம்.

முதல் நாள் குளிர்கிறது என்றாள். மழைக் குளிர் என்று நினைத்தேன். கட்டில் கால் ஆடுகிற மாதிரி உதறல். மூன்று கம்பளி போட்டும் போதவில்லை. அப்புறம் உடம்பு அனலாகக் கொதித்து, வேர்த்துக்கொட்டி விட்டது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்துவிட்டது. டாக்டரம்மா விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு போனாள். கிருமி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எட்டாம் மாசம், மன்னி.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பலகையில் உங்கள் பக்கம், பம்பு ரிப்பேருக்கென்று இரும்பு மூடி போட்ட ஒரு திறப்பு இருக்கிறது. அதை நித்தியம் திறந்து வாளியை இறக்குகிறீர்களா இல்லையா? நீங்கள் அத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம். பச்சையம்மாவைக் கேட்டால், “நா ஒண்ணும் பாக்கலம்மா, எனுக்கு இன்னாத்துக்கு வம்பு” என்று நழுவுகிறாள். என் பெண்ணை உங்கள் மடிக்குப் பலி கொடுக்க நான் தயாராக இல்லை.

கோமளம்


மேற்குப் பாதி
17-12-1934

கோமளாவுக்கு.

உன்னோடு என்னதான் செய்வது? என் பம்பு கூச்சல் போட்டு எழுப்புகிறது என்று எழுதினவள் நீ. நான் வாளி இறக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கூச்சலைப் போட்டது யார், என் நாத்தனாரா?

நானே ஆள் அனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன். காலையில் வந்தார். இரும்பு மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியால் தட்டித்தான் எடுத்தார். ஜலத்தை மொண்டு பார்த்தார். ஒரு புழு இல்லை. “உங்க பக்கம் சுத்தம்மா” என்று சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு வந்தார். திரும்பிப் போகும்போது என் வாசலில் நின்று கிண்ணத்தைக் காட்டினார். அப்படியே நெளிகிறது.

எங்கே என்றேன். உன் பின்கட்டுத் தொட்டியாம். மொட்டைமாடி மழை ஜலத்தைத் தகரக்குழாய் வைத்துப் பிடித்து, மூடாமல், வாரக்கணக்கில் தேக்கி வைத்திருக்கிறாயாம். எதற்கு என்று கேட்டாராம். சமையலுக்கு என்றாயாம். பம்பு இருக்கிறதே என்றாராம். நீ புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாயாம்.

அப்புறம் பச்சையம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். நான் அனுப்பின மிளகுக்குழம்பை நீ மூடியைக்கூடத் திறக்காமல் அவளிடமே கொடுத்துவிட்டாயாம். “நல்லாத்தாம்மா இருந்திச்சி” என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள் அவள்.

கோமளா, மூன்று மாசமாக நான் அந்த ஜலத்தைத்தான் குடிக்கிறேன். முதல் நாள் தொண்டைக்குள் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தர்மு முகத்தை நினைத்துக்கொண்டு குடித்தேன். ஒரு வாரம் கழித்து இவரும் குடித்தார். மாமனார் சிராத்தத்துக்கு அதிலேதான் சமைத்தேன். மேலேயிருந்து அவர் பார்த்திருந்தால் மன்னிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நீ சொன்னாயே என்றுதான் இத்தனையும். நீ என்னடாவென்றால் எனக்குத் தோலைக் கொடுத்துவிட்டு மழை ஜலத்தில் மடியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை என்னவென்று திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். தர்முவை இன்றைக்கே இங்கே அனுப்பு. இங்கே கட்டிலுக்கு வலை கட்டிவிட்டேன். டாக்டரம்மா கொடுத்த கொயினா மருந்தையும் அவள் துணியையும் கூடவே அனுப்பு. சாமிநாதனிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

அபயம்


கிழக்குப் பாதி
17-12-1934, சாயங்காலம்

மன்னி,

தர்முவை அனுப்பிவிட்டேன். ஜட்கா வேண்டாம் என்று பச்சையம்மா தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தே போனாள். இவர் குதித்தார். கடைசியில், “அவ போகட்டும். நீ அந்தப் படியை மிதிச்சா இந்தப் படியை மிதிக்காதே” என்றார். அதனால்தான் நான் வரவில்லை.

பம்பு வந்த அன்றைக்கு நானே முதலில் பிடித்தேன். ஜலம் வந்தது. கையில் ஏந்தினேன். தோல் ஞாபகம் வந்து குமட்டிவிட்டது. இத்தனை நாளும் உங்களை ஜெயிப்பதிலேயே குறியாக இருந்தேனே தவிர, அந்த ஜலத்தை நான் குடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஆகாசத்து ஜலம் சுத்தம்தானே என்று தொட்டியைக் கழுவி வைத்தேன். கொசுவுக்கும் அது சுத்தமாகத் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. கிணற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டியை உடைத்துவிட்டேன். ஆள் வைத்து இல்லை, அம்மிக் குழவியால் நானே.

கோமளம்


மேற்குப் பாதி
29-12-1934

கோமளாவுக்கு.

முதல் வாரம் உனக்கு எழுதக் கை வரவில்லை. ஒரு ஜுரத்தின்போது அவளுக்கு நினைவே தப்பிவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டில் ஒண்ணுன்னு வந்தா யாரைன்னு கேட்காதீங்கோ, தாயைத்தான் பாப்பேன்” என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கொயினாவைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். காது இரைகிறது, அடுக்களையில் இட்லி வேகிற மாதிரியே சத்தம் கேட்கிறது என்கிறாள். நான் மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு, வெல்லத்தை வாயில் திணிக்கிறேன். “அம்மாவே தேவலை” என்று திட்டுகிறாள். போன இரண்டு முறையும் ஜுரம் வரவில்லை. நேற்று ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். பம்பு ஜல ரசம்தான்.

பயப்படாதே என்று எழுத மாட்டேன். நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அபயம்


கிழக்குப் பாதி
8-1-1935

மன்னி,

நேற்று முழுக்கக் கிணற்றடிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தர்மு கத்தினது கேட்டது. நீங்கள் அவளை அதட்டினது கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று என் சத்துருவுக்கும் தெரிய வேண்டாம். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை.

பச்சையம்மா ஓடிவந்து, “பொண்ணும்மா. தக்குனூண்டு கீது, ஆனா இன்னா கூச்சல் போடுது தெரியுமா!” என்றாள். தாயும் சுகம் என்றாள்.

விடிந்ததிலிருந்து எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு வந்துவிட்டாள். பால்காரன் மனைவி பார்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டர்கூட எட்டிப் பார்த்தாராம். பெற்றவளைப் பெற்றவள் நான் மட்டும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குழந்தை யார் ஜாடை என்றாவது எழுதுங்கள்.

கோமளம்


மேற்குப் பாதி
8-1-1935

கோமளாவுக்கு.

ஜாடை எல்லாம் எழுத முடியாது. எனக்கு வேலை இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்.

சாமிநாதனுக்குப் பயந்து நிற்கிறாயா, என்னைப் பார்க்க வெட்கப்பட்டு நிற்கிறாயா என்று எனக்குத் தெரியாது. முதலாவதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே வந்தால் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் என் கையால் ஒரு டம்ளர் ஜலம் வாங்கிக் குடிக்க வேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது. எந்த ஜலம் என்று கேட்கக் கூடாது. நான் உன் எதிரிலேயே பம்பை அடித்துப் பிடித்துத் தருவேன்.

குடித்தால் குழந்தையை மடியில் போடுகிறேன். பெறாதவள் என்று நீ எழுதினாயே, அதையும் அதோடு விட்டுவிடுகிறேன்.

அபயம்


கிழக்குப் பாதி
8-1-1935

மன்னி,

புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். பச்சையம்மா இந்தச் சீட்டைக் கொண்டுவரும்போது அவள் பின்னாலேயே நான் இருப்பேன்.

“எங்கே கிளம்பிட்டே?” என்று இவர் கேட்டார்.

“ஜலம் குடிக்க” என்றேன்.

கோமளம்